உல்கு, உஷ்ர், சுங்கம்: எல்லையில் நிற்கும் பயணியின் வரலாறு

புதுவை நகரிலிருந்து வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர் முத்தியாலுப்பேட்டையைக் கடந்ததும் கோட்டக்குப்பத்தை அடைகின்றனர். அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. முதலியார்சாவடிகளையும் பொம்மையார்பாளையத்தையும் கடந்து பிள்ளைச்சாவடியை அடையும்போது மீண்டும் புதுவை ஆட்சிப்பகுதி வந்துவிடுகிறது. இன்று இந்த மாற்றத்தை அறிவிப்புப் பலகைகளே நமக்கு உணர்த்துகின்றன. எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன்னர் நிலைமை வேறாக இருந்தது. பிள்ளைச்சாவடியும் காலாப்பட்டும் பிரஞ்சு மண். இடையிலிருந்த கோட்டக்குப்பம் பிரிட்டிஷ் மண், பின்னர் இந்திய மண். ஒரே கடற்கரையில், ஒரே மொழி பேசி, ஒரே சந்தையில் பொருள் வாங்கிய மக்கள், அண்டை ஊருக்குச் செல்வதற்கே ஓர் அந்நிய நாட்டினுள் நுழைந்து வெளியேற வேண்டியிருந்தது.

ஒரு நாட்டினுள் நுழையும் பயணி தன்னோடு எவ்வளவு பொருள் கொண்டு வரலாம், எவ்வளவு பணம் எடுத்துச் செல்லலாம், எதனை அறிவிக்க வேண்டும் என்னும் வினாக்கள் விமான நிலையங்களோடு பிறந்தவை என்று பலர் எண்ணுகின்றனர். அவை மிகப் பழமையானவை. தமிழ் மண்ணுக்கும் இஸ்லாமிய நாகரிகத்துக்கும் இவ்விஷயத்தில் நீண்ட அனுபவம் உண்டு. அவ்வனுபவத்தைச் சற்று ஆராய்ந்தால், இன்றைய முஸ்லிம் பயணியின் கடமை என்ன, உரிமை என்ன என்பதிலும் ஒரு தெளிவு பிறக்கும் என்று நாம் கருதுகிறோம்.

தமிழ் மரபில் உல்கு

சுங்கத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் ‘உல்கு’. திருவள்ளுவர் அரசனுக்குரிய வருவாய்களுள் ஒன்றாக உல்குபொருளைக் கூறுகிறார். காவிரிப்பூம்பட்டினத்தின் துறைமுகத்தில் ஏற்றுமதிப் பொருள்களும் இறக்குமதிப் பொருள்களும் குவிந்து கிடந்ததையும், அவற்றின்மீது சோழரின் புலி முத்திரை பொறிக்கப்பட்டதையும் பட்டினப்பாலை வருணிக்கிறது. முத்திரையிடுதல் என்பது அரசின் அதிகாரத்தைக் காட்டியது போலவே, இப்பொருளுக்குரிய கடமை தீர்ந்தது என்று வணிகனுக்குச் சான்றளிக்கவும் பயன்பட்டிருக்கும்.

சுங்கம் மக்களுக்கு எவ்வளவு பெரும் சுமையாக இருந்தது என்பதை ஒரு பட்டப்பெயரே காட்டிவிடுகிறது. முதலாம் குலோத்துங்கன் எத்தனையோ போர்களை நடத்தியவன். எனினும் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்னும் பெயரே அவனுக்கு நிலைத்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியர் ஆட்சியில் அரபு வணிகம் உச்சத்தை எட்டியது. பாரசீக வளைகுடாவிலுள்ள கீஷ் தீவின் ஜமாலுத்தீன், ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார் என்றும், குதிரை ஒன்றின் விலை 220 பொற்காசுகள் என்றும் வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். கடலில் இறந்துபோன குதிரைகளுக்கும் அரசுக் கருவூலமே விலை கொடுத்தது. ஜமாலுத்தீனின் சகோதரர் தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சராகவும், காயல் உள்ளிட்ட மூன்று துறைமுகங்களின் பொறுப்பாளராகவும் விளங்கினார். இது நாம் பெருமையாகக் கூறிக்கொள்ளும் செய்தி. ஆனால் இதன் உட்பொருளையும் கவனிக்க வேண்டும். முஸ்லிமல்லாத ஓர் அரசன், தன் நாட்டின் கடல்வாயிலை ஒரு முஸ்லிமிடம் ஒப்படைக்கிறான். உல்கு முறையாகக் கருவூலம் சேரும் என்ற நம்பிக்கை இன்றி எந்த அரசனும் அவ்வாறு செய்யமாட்டான். கடற்கரை முஸ்லிம்கள் சேர்த்த முதற்செல்வம் அந்த நம்பிக்கையே.

உமரின் ஏற்பாடு

இஸ்லாமிய அரசில் எல்லைச் சுங்கத்தை ஒழுங்குபடுத்தியவர் கலீஃபா உமர் (ரலி) அவர்கள். முஸ்லிம் வணிகர்கள் பிற நாடுகளுக்குச் செல்லும்போது அவர்களிடம் பத்தில் ஒரு பங்கு வாங்கப்படுகிறது என்று அபூ மூஸா அல்அஷ்அரி (ரலி) எழுதிக் கேட்டார்கள். அவர்கள் உங்களிடம் வாங்குவதுபோல நீங்களும் அவர்களிடம் வாங்குங்கள் என்று கலீஃபா பதில் எழுதினார்கள். இதன்படி அந்நிய நாட்டு வணிகரிடம் பத்தில் ஒன்றும், இஸ்லாமிய அரசின் பாதுகாப்பிலிருந்த பிற சமயத்தாரிடம் இருபதில் ஒன்றும், முஸ்லிம்களிடம் ஸகாத்தின் அளவான நாற்பதில் ஒன்றும் பெறப்பட்டன. பத்தில் ஒன்று என்னும் பொருளுடைய ‘உஷ்ர்’ என்ற சொல்லே இவ்வரிக்குப் பெயராயிற்று. அதனை வசூலித்தவர் ‘ஆஷிர்’ எனப்பட்டார்.

ஹாரூன் ரஷீதின் தலைமை நீதிபதி இமாம் அபூ யூசுஃப் தம் ‘கிதாபுல் கராஜ்’ நூலில் இதன் விதிகளைத் தொகுத்துத் தருகிறார். இருநூறு திர்ஹம் அல்லது இருபது தீனாருக்குக் குறைந்த சரக்கிற்கு வரி இல்லை. இன்று ‘தீர்வையற்ற சலுகை’ என்று நாம் கூறுவதன் முன்னோடி இதுவே. வணிகத்துக்கல்லாத சொந்த உடைமைகளுக்கும் வரி இல்லை. தம் பொருளுக்கு ஸகாத் ஏற்கெனவே செலுத்திவிட்டதாக ஒரு முஸ்லிம் சத்தியம் செய்து கூறினால் அது ஏற்கப்படும்.

உமர் (ரலி) அவர்களால் சுங்கத்துக்கு நியமிக்கப்பட்ட ஸியாத் இப்னு ஹுதைர் பற்றிய ஒரு நிகழ்ச்சி இங்கு நினைவுகூரத் தக்கது. தக்லிப் குலத்தைச் சேர்ந்த ஒரு கிறித்தவர் இருபதாயிரம் மதிப்புள்ள குதிரையுடன் வந்தார். ஸியாத் ஆயிரம் வசூலித்தார். அதே ஆண்டில் அம்மனிதர் திரும்பி வந்தபோது மீண்டும் ஆயிரம் கேட்டார். அவர் நேரே மக்காவுக்குச் சென்று கலீஃபாவிடம் முறையிட்டார். உமக்கு வேண்டியது செய்யப்பட்டுவிட்டது என்ற சுருக்கமான பதிலே கிடைத்தது. தம் வழக்கு எடுபடவில்லை என்று எண்ணி, இரண்டாவது ஆயிரத்தையும் கொடுத்துவிடும் முடிவோடு அவர் திரும்பினார். ஆனால் அவர் வந்து சேருமுன்பே, ஒரே பொருளுக்கு ஓராண்டில் ஒருமுறைக்குமேல் வாங்கலாகாது என்ற ஆணை ஸியாதிடம் வந்து சேர்ந்திருந்தது. பயணிகளின் மூட்டைகளைத் துருவித் தேட வேண்டாம் என்றும் அவருக்குக் கட்டளை இருந்ததாக அறிகிறோம்.

பின்னாளில் கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ், எகிப்தின் எல்லைக் கடவையில் பொறுப்பிலிருந்த ஸுரைக் இப்னு ஹய்யானுக்கு எழுதிய கடிதம் இமாம் மாலிக்கின் ‘முவத்தா’வில் பதிவாகியுள்ளது. யாரிடம் எந்த விகிதத்தில் வாங்குவது, எந்த அளவுக்குக் கீழே விட்டுவிடுவது என்பவற்றைக் கூறி, வாங்கியதற்கு அடுத்த ஆண்டு வரை செல்லும் பற்றுச்சீட்டை எழுதிக் கொடுக்கவும் அது பணிக்கிறது.

தெரிந்த விகிதம், விலக்கு வரம்பு, பற்றுச்சீட்டு, ஒரே பொருளுக்கு ஒருமுறை வரி, பயணியின் சொல்லுக்கு மதிப்பு ஆகிய ஐந்தும் இந்த ஏற்பாட்டின் தூண்கள். இவை இல்லாமல் வழிமறித்துப் பறிப்பதைத்தான் ‘மக்ஸ்’ என்று இஸ்லாம் வன்மையாகக் கண்டித்தது. சுங்கம் முழுவதையும் மக்ஸ் என்று கூறுவோர் இந்த வேறுபாட்டைக் காணத் தவறுகின்றனர்.

இரு பயணிகள் கண்டவை

விதி எவ்வளவு உயர்ந்ததாயினும் நடைமுறை பல காலங்களில் அதிலிருந்து வழுவியது. அந்தலூசியாவின் இப்னு ஜுபைர் ஹஜ்ஜை நாடி 1183-இல் அலெக்சாந்திரியாவில் கரையிறங்கினார். கப்பலில் வந்த ஒவ்வொருவரின் பெயரும் ஊரும் எழுதப்பட்டன. கையிலிருந்த பணத்துக்கும் பொருளுக்கும், ஓராண்டு நிறைந்ததா என்று கூடக் கேளாமல், ஸகாத் என்ற பெயரில் வரி கேட்டனர். அவர்களுள் பலரிடம் ஹஜ் வழிச்செலவைத் தவிர வேறொன்றும் இல்லை. சுங்க மண்டபத்தில் மூட்டைகள் அவிழ்க்கப்பட்டன. இடுப்புத் துணிக்குள்ளும் கைவிட்டுத் தேடினர். வேறு ஏதுமில்லை என்று சத்தியமும் வாங்கினர். நெரிசலில் பலருடைய பொருள்கள் காணாமற் போயின. சுல்தான் ஸலாஹுத்தீனுக்கு இது தெரிந்திருந்தால் தடுத்திருப்பார் என்று இப்னு ஜுபைர் வருந்துகிறார். ஹாஜிகளிடம் தலைக்கு ஏழரை தீனார் வீதம் வாங்கப்பட்ட கொடிய வரியை நீக்கி, மக்காவின் அமீருக்கு ஈடாகப் பணமும் தானியமும் அளித்தவர் அதே சுல்தான்தான்.

அடுத்த ஆண்டு இப்னு ஜுபைர், சிலுவைப் போராளிகளின் வசமிருந்த அக்கா நகருக்குள் நுழைந்தார். அங்கே சுங்க மண்டபத்தின் கிறித்தவ எழுத்தர்கள் பொன்னணி செய்த கருங்காலி மைக்கூடுகளோடு விரிப்புகளில் அமர்ந்திருந்தனர். அரபியில் பேசினர், அரபியில் எழுதினர். வணிகச் சரக்கில்லாதவர்களின் மூட்டைகளையும் பார்த்தனர். ஆனால் எல்லாம் கடுமையின்றி, மரியாதையுடன் நடந்தன என்று அவர் பதிவு செய்கிறார். தம்மவர் துறைமுகத்தில் கண்ட கடுமையையும் எதிரியின் துறைமுகத்தில் கண்ட பண்பையும் மறைக்காமல் எழுதிய அந்த நேர்மையே அவருடைய நூலை இன்றும் வாழ வைக்கிறது.

1326-இல் எகிப்திலிருந்து ஷாம் நாட்டுக்குச் சென்ற இப்னு பதூதா, பாலைவனத்திலுள்ள கத்யா என்னும் சாவடியைப் பற்றி எழுதுகிறார். அங்கே வணிகரின் சரக்குகள் சோதிக்கப்பட்டன. அனுமதிச் சீட்டின்றி எவரும் எப்பக்கமும் கடக்க இயலாது. இரவில் காவலர்கள் மணலைச் சமப்படுத்தி வைப்பர். விடிந்ததும் அதில் காலடித்தடம் உள்ளதா என்று பார்ப்பர். தடம் இருந்தால் கள்ளமாகக் கடந்தவனைத் தேடிப் பிடிப்பர். முல்தானில் அவர் கண்டது வேறு: வணிகரின் சரக்கில் கால் பங்கும், குதிரை ஒன்றுக்கு ஏழு தீனாரும் வாங்கப்பட்டன. பின்னர் சுல்தான் முஹம்மத் துக்ளக் ஸகாத்தையும் உஷ்ரையும் தவிர்த்த பிற வரிகளை நீக்கினார் என்றும் அவர் கூறுகிறார்.

பிறை பொறித்த நாணயமும் துண்டுபட்ட நிலமும்

இனிப் புதுவைக்குத் திரும்புவோம். பிரஞ்சுக்காரர் புதுவையில் வணிகம் செய்தபோது அவர்களுக்கு நேர்ந்த முதற்பெரும் இடர் நாணயத்தைப் பற்றியதே. உள்நாட்டில் செல்லுபடியாகும் வெள்ளி ரூபாய் இன்றி நெசவாளரிடம் துணி வாங்க இயலவில்லை. 1736-இல் ஆளுநர் துமா, ஆற்காடு நவாப் தோஸ்த் அலி கானின் உதவியால் முகலாயப் பேரரசரின் அனுமதி பெற்றுப் புதுவையில் ஆற்காட்டு ரூபாயை அச்சிடத் தொடங்கினார். பேரரசர் முஹம்மத் ஷாவின் பெயர் பாரசீக எழுத்தில் பொறிக்கப்பட்ட அந்நாணயங்களில் புதுவை அக்கசாலையின் அடையாளமாகப் பிறைச் சின்னம் விளங்கியது. உள்ளூர்ப் புழக்கத்துக்கென்று பணம் என்னும் சிறு வெள்ளிக் காசுகளும் இருந்தன. எட்டுப் பணம் ஒரு ரூபாய். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், 1875-இல் தோன்றிய இந்தோசீன வங்கி பிரஞ்சிந்தியாவுக்கென ரூபாய்த் தாள்களை வெளியிட்டது. ஆக, அரசியல் எல்லை ஒன்றாகவும் பணத்தின் எல்லை வேறாகவும் இருந்தன. பிரஞ்சுக் கொடியின் கீழ் வாழ்ந்தவர் ரூபாயிலேயே கணக்குப் பார்த்தனர்.

புதுவைப் பகுதி ஒரே தொடர்ச்சியான நிலமன்று. அண்டை நிலத்தால் பிரிக்கப்பட்ட பல துண்டுகளால் ஆனது. காலாப்பட்டு, பிள்ளைச்சாவடிப் பகுதி அவற்றுள் ஒன்று. இத்தகைய நிலத்துக்கு வேலியிடுவது எளிதன்று. இருபதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் இந்தியாவில் இறக்குமதித் தீர்வைகள் உயர்ந்தபோது, தீர்வை குறைந்த புதுவைத் துறைமுகத்தின் வழியே வந்த பொருள்கள் கள்ளவழியில் எல்லை கடந்தன. இதைத் தவிர்க்க 1941-இல் இரு அரசுகளும் சுங்க ஒன்றியம் ஒன்றை அமைத்தன. பிரிட்டிஷ் இந்தியத் தீர்வையே பிரஞ்சிந்தியத் துறைமுகங்களிலும் விதிக்கப்பட்டது. அதனால் இடையிலிருந்த சாவடிகளின் கெடுபிடி தளர்ந்தது.

இந்தியா விடுதலை பெற்றபின் 1949 மார்ச் இறுதியோடு அந்த ஒன்றியம் முடிவுக்கு வந்தது. பிரஞ்சிந்தியப் பகுதிகளைச் சுற்றி இந்தியச் சுங்கக் காவல் நிறுவப்பட்டது. புதுவைத் துறைமுகத்தில் தங்கமும் வைரமும் கைக்கடிகாரங்களும் மதுவகைகளும் குவிந்தன. அவ்வூர் மக்களின் தேவைக்கு மிஞ்சிய அப்பொருள்கள் எங்கே சென்றன என்பதை யாவரும் அறிவர். கடத்தியவர்களில் சிலர் செல்வராயினர். சோதனைக்கு உள்ளானவர்களோ பெரும்பாலும் கடத்தலோடு தொடர்பற்ற எளிய மக்கள். கோட்டக்குப்பத்து முஸ்லிம்கள் பிழைப்புக்கும் கல்விக்கும் புதுவையை நம்பியிருந்தனர். பல குடும்பங்களின் உறவுகள் எல்லையின் இருபுறமும் பரவியிருந்தன. காய்கறிக் கூடைக்கும் கல்யாணச் சீருக்கும் ஒரே சோதனை. பிள்ளைச்சாவடியிலிருந்து நகருக்குச் செல்பவர் இருமுறை எல்லையைக் கடக்க வேண்டும். 1954-இல் இந்திய அரசின் முற்றுகை இறுகி, அனுமதிச் சீட்டின்றிப் போக்குவரத்து இயலாத நிலையும் உண்டாயிற்று.

அவ்வாண்டு அக்டோபர் 18-இல் கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தனர். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-இல் அது சட்டப்படி முழுமையடைந்தது. எத்தனையோ உயர்ந்த காரணங்கள் இணைப்புக்குக் கூறப்படுகின்றன; அவை உண்மையே. ஆனால் நாள்தோறும் சாவடியில் மூட்டையை அவிழ்த்துக் காட்டிய மனிதனின் சலிப்பையும் அக்காரணங்களோடு சேர்த்து எண்ண வேண்டும்.

சைகோனின் பியாஸ்தர்

புதுவை, காரைக்கால் முஸ்லிம்கள் பிரஞ்சுக் கொடியைப் பின்பற்றி இந்தோசீனாவுக்குச் சென்று வணிகம் செய்தனர். சைகோனின் டோங் து வீதியில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் அவர்களுக்குச் சான்றாக நிற்கிறது. அங்கே ஈட்டிய பணத்தை ஊருக்கு அனுப்புவது எவ்வாறு என்பதே அவர்களுடைய நிரந்தரக் கவலை.

பணவிதி ஒரு சமுதாயத்தை எவ்வாறு கெடுக்கும் என்பதற்குச் சைகோன் ஓர் எடுத்துக்காட்டு. 1945 டிசம்பரில் பிரஞ்சு அரசு ஒரு பியாஸ்தரின் மதிப்பை 17 பிராங்க் என நிர்ணயித்தது. சந்தையில் அதன் உண்மை மதிப்போ ஏறத்தாழ அதில் பாதி. பியாஸ்தரைச் சந்தையில் மலிவாக வாங்கி, அதிகாரபூர்வ விகிதத்தில் பிரான்சுக்கு மாற்றியவர்கள் கை அசைக்காமல் பொருள் குவித்தனர். அலுவலர், படைவீரர், வணிகர், அரசியலாளர் எனப் பலரும் இதில் ஈடுபட்டனர். 1953 மே மாதம் மதிப்பு 10 பிராங்காகக் குறைக்கப்படும் வரை இந்த ஊழல் தொடர்ந்தது. அனுமதியும் செல்வாக்கும் உடையவர்களுக்கு அவ்விதி பொற்சுரங்கமாயிற்று. அவை இல்லாதவனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஹாஜிகளுக்கென ஒரு ரூபாய்

பயணியின் பணத்தைப் பற்றிய விதிகளில் முஸ்லிம்களை நேரடியாகத் தொட்டது ஹஜ் ரூபாய். இதனை இன்றைய இளைஞர் பலர் அறியார். வளைகுடா நாடுகள் பலவற்றில் அறுபதுகள் வரை இந்திய ரூபாயே புழங்கியது. ஹிஜாஸின் நாணய மாற்றுவோரும் ஹாஜிகளிடமிருந்து அதனை ஏற்றனர். இந்த வசதியே தங்கக் கடத்தலுக்கும் வழியாயிற்று. வளைகுடாவில் ரூபாய் கொடுத்துத் தங்கம் வாங்கி இந்தியாவுக்குக் கடத்துவர். அந்த ரூபாய் வங்கிகள் வழியே ரிசர்வ் வங்கிக்குத் திரும்பி வந்து அந்நியச் செலாவணியைக் கேட்கும். நாட்டின் செலாவணி இருப்பு இவ்வாறு கரைந்தது.

இதனைத் தடுக்க 1959-இல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டது. வளைகுடாவுக்கெனத் தனி ரூபாய்த் தாள்களும், ஹாஜிகளுக்கெனப் பத்து ரூபாய், நூறு ரூபாய்த் தாள்களும் நிறம் மாற்றி வெளியிடப்பட்டன. ஹஜ் தாள்களின் எண்களுக்கு முன் ஆங்கிலத்தில் ‘எச்.ஏ.’ என்னும் எழுத்துகள் இருந்தன. உள்நாட்டில் அவை செல்லா. பாகிஸ்தானும் இவ்வாறே ஹாஜிகளுக்கெனத் தனித்தாள்களை வெளியிட்டது. மறுபுறம் சவூதி அரேபியாவும் 1952-இல் ஹாஜிகளிடம் வாங்கிவந்த வரியை நீக்கியது. 1953-இல் வெள்ளிக் காசுகளைச் சுமக்கும் சிரமத்தைக் குறைக்க ‘ஹாஜிகள் பற்றுச்சீட்டு’ என்னும் தாளை வெளியிட்டது. அந்நாட்டின் காகிதப் பணத்துக்குத் தொடக்கம் அதுவே. 1966 ஜூன் 6-இல் இந்திய ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டதைத் தொடர்ந்து வளைகுடா நாடுகள் ரூபாயைக் கைவிட்டன. குவைத் 1961-லும் பஹ்ரைன் 1965-லும் முன்னரே விலகியிருந்தன; ஒமான் 1970-இல் விலகியது.

அக்காலத்தில் வெளிநாடு செல்லும் இந்தியர் எட்டு டாலர் மட்டும் கையில் கொண்டு விமானம் ஏறிய நாள்களும் இருந்தன. 1973-ஆம் ஆண்டின் செலாவணி ஒழுங்குச் சட்டத்தில் மீறல் குற்றமாகக் கருதப்பட்டது. 1999-இல் இயற்றப்பட்டு 2000-இல் நடைமுறைக்கு வந்த மேலாண்மைச் சட்டம் அதனைப் பெரும்பாலும் உரிமையியல் தவறாக மாற்றியது. இன்று பத்தாயிரம் டாலருக்கு மேற்பட்ட மொத்தச் செலாவணியையோ, ஐயாயிரம் டாலருக்கு மேற்பட்ட ரொக்கத் தாளையோ கொண்டு இந்தியாவுக்குள் வருபவர் அதனை அறிவித்தால் போதும். பிரான்சுக்குள் பத்தாயிரம் யூரோவும் அதற்கு மேலும் கொண்டு செல்பவருக்கும் அறிவிக்கும் கடமை உண்டு. புதுவை, காரைக்கால் குடும்பங்கள் பாரிசிலுள்ள உறவினருக்கு அன்போடு கொண்டு செல்லும் நெய்யையும் இறைச்சியையும் ஐரோப்பிய விதி அனுமதிப்பதில்லை. கருவாட்டுக்கு வரம்போடு இடமளிக்கிறது.

அமானும் அமானிதமும்

சுங்கத்தை ஏய்ப்பது பாவமன்று, அது அநீதியான வரியே என்று நம்மவரிடையே ஒரு பேச்சு நெடுநாளாக உண்டு. கடற்கரை ஊர்களில் இதனைக் கேட்டிருக்கிறோம். ஃபிக்ஹு நூல்கள் இவ்வாதத்துக்கு இடந்தருவதாகத் தெரியவில்லை. அந்நிய நாட்டின் பாதுகாப்பு உறுதியைப் பெற்று அதனுள் நுழைபவன் ‘முஸ்தஃமின்’ ஆகிறான். அந்நாட்டார் முஸ்லிம்களோடு பகை கொண்டவராயினும், அவர்களுக்குத் துரோகமும் வஞ்சமும் செய்வது அவனுக்கு விலக்கப்பட்டது என்பதில் நம்மிடையே வழங்கும் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகள் இரண்டும் ஒத்த கருத்துடையன. இன்றைய விசாவும் கடவுச்சீட்டும் அந்த அமானின் வடிவங்களே. சுங்கப் படிவத்தில் இடும் கையொப்பம் ஒரு சாட்சியம். பகை நாட்டுக்கே இது பொருந்துமானால், நாம் பிறந்து வாழும் சொந்த நாட்டுக்கு எவ்வளவு பொருந்தும்!

மேலும், ஏய்ப்பின் இலாபமும் தண்டனையும் ஒரே இடத்தில் சேர்வதில்லை. இலாபம் பெறுபவர் திரைக்குப் பின்னால் இருக்கிறார். பயணச்சீட்டுக்கும் சிறுதொகைக்கும் ஆசைப்பட்டுக் ‘குருவி’யாகப் பறக்கும் இளைஞன் பிடிபடுகிறான். அவன் பெயர் நாளிதழில் வருகிறது; அவனோடு அவன் சமுதாயத்தின் பெயரும் வருகிறது. தகீயுத்தீனின் காலத்தில் நம் முன்னோர் சேர்த்த நம்பிக்கை ஒவ்வொரு முறையும் சிறிது கரைகிறது.

அதேவேளை, அரசுகளும் உமர் (ரலி) அவர்களிடம் கற்க வேண்டியது உண்டு. 2016-ஆம் ஆண்டின் இந்தியப் பயண உடைமை விதிகள், ஓராண்டுக்குமேல் வெளிநாட்டில் வாழ்ந்து திரும்பும் ஆணுக்கு இருபது கிராம் நகையையும் பெண்ணுக்கு நாற்பது கிராம் நகையையும் தீர்வையின்றி அனுமதித்தன. ஆனால் முறையே ஐம்பதாயிரம், ஒரு இலட்சம் ரூபாய் என்ற மதிப்பு வரம்பையும் சேர்த்து வைத்தன. தங்கத்தின் விலை ஏற ஏற, எடையில் தந்த சலுகையை மதிப்பு வரம்பு பறித்துக்கொண்டது. சலுகை உண்டு என்று நம்பி வளையலோடு இறங்கிய பெண், சட்டத்தை மீறியவளாக நின்றாள். தெளிவற்ற விதியும் காலத்தோடு திருத்தப்படாத வரம்பும் நேர்மையானவனையும் குற்றவாளியோடு ஒரே வரிசையில் நிறுத்திவிடுகின்றன. தக்லிப் குலத்துக் கிறித்தவரின் முறையீட்டைக் கேட்டு, அவர் ஊர் திரும்புமுன் ஆணை அனுப்பிய ஆட்சியே நமக்கு அளவுகோல்.

பிள்ளைச்சாவடிக்கும் கோட்டக்குப்பத்துக்கும் இடையில் இன்று பயணியின் மூட்டையை அவிழ்க்கச் சொல்வார் எவருமில்லை. மனிதர் வகுத்த எல்லைகள் மாறக்கூடியவை என்பதற்கு அந்நிலமே சான்று. எல்லை மாறினாலும் மாறாதது பயணியின் வாய்ச்சொல். அச்சொல்லை நம்பி மூட்டையை அவிழ்க்காமல் விடச் சொன்ன ஆட்சி நம் வரலாற்றில் இருந்தது. அந்த நம்பிக்கைக்குத் தகுதியுடையவர்களாக நாம் வாழ்ந்தால், அத்தகைய ஆட்சியைக் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டாகும்.